ஹாமில்டன் காக்கிக்குப் பதில் என்ன வாங்கலாம்? விலை குறைந்த ஆட்டோமேட்டிக் ஃபீல்டு வாட்ச் தேர்ந்தெடுக்கும் முறை

தாவரக் கணக்கெடுப்பு என் தொழில். மரத்தின் சுற்றளவை நாடாவால் அளக்க வேண்டும், குறிப்பேட்டில் நேரத்தோடு எழுத வேண்டும். கையெல்லாம் மண்ணும் பிசினுமாக இருக்கும்போது பையைத் திறந்து போனை எடுக்க முடியாது. அதனால் மணிக்கட்டில் எப்போதும் ஒரு ஃபீல்டு வாட்ச், அதாவது ராணுவ வாட்ச் பாணியில் பளிச்சென்று நேரம் தெரியும் எளிய வாட்ச், இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நண்பர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஹாமில்டன் காக்கி வாங்கணும்னு ஆசை, விலையைப் பார்த்தா தயக்கமா இருக்கு. அதே மாதிரி கம்மி விலையில ஏதாவது சொல்லேன்."

நான் உடனே மாடல் பெயர் சொல்வதில்லை. இந்த வகை வாட்சில் விலை ஏறுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான். அதில் எதை விட்டுக்கொடுத்தால் உங்களுக்கு உறுத்தாது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதன்பிறகு மாடல்களின் பட்டியல் தானாகச் சுருங்கி இரண்டு மூன்றில் வந்து நிற்கும்.

விலை குறைந்த ஃபீல்டு வாட்ச் என்றால் ஏதோ இரண்டாம் தரம் என்று கூச்சப்படவும் வேண்டாம். இந்த வாட்சின் பூர்வீகமே சிக்கனம்தான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்காக எல்ஜின், வால்தம், புலோவா நிறுவனங்கள் செய்த ஏ-11 வாட்சில் கருப்பு டயல், வெள்ளை எண்கள், கிரவுனை (பக்கவாட்டில் உள்ள குமிழை) இழுத்தால் நிற்கும் விநாடி முள், அவ்வளவுதான். 1945 வாக்கில் பிரிட்டிஷ் ராணுவம் ஒமேகா, லாஞ்சின்ஸ், ஐடபிள்யூசி, வெர்டெக்ஸ் உட்பட 12 நிறுவனங்களிடம் ஒரே விவரக்குறிப்பைக் கொடுத்து வாட்ச் வாங்கியது; சேகரிப்பவர்கள் இன்று லட்சணமாகக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் 'டர்ட்டி டஜன்' அதுதான். 1964இல் அமெரிக்க ராணுவம் வெளியிட்ட 46374 எண் விவரக்குறிப்பு இன்னும் ஒரு படி இறங்கி, பழுதானால் திறந்து பார்க்காமல் மாற்றிவிடும் அளவுக்கு மலிவான வாட்ச் கேட்டது. அப்போதெல்லாம் சாவி கொடுக்கும் வாட்சுகள்தான். கையசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் என்பது நாம் பின்னால் சேர்த்துக்கொண்ட சொகுசு.

நேரம் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் குவார்ட்ஸ் வாட்ச் இன்னும் துல்லியம், இன்னும் மலிவு. பேட்டரி இல்லாமல் கையசைவிலேயே ஓடும் ஒரு சின்ன மெஷின் வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்குத்தான் மீதி.

கூடுதல் காசு எங்கே போகிறது

உச்சியில் ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர். 1953இலிருந்து அந்தப் பெயர் இருக்கிறது. 3, 6, 9 எண்கள் மட்டும் கொண்ட டயல். 2021இல் பழைய 36 மில்லிமீட்டர் அளவுக்கே திரும்பி வந்தது. அதற்குக் கீழே டியூடர் ரேஞ்சர்: 2022இல் 39 மில்லிமீட்டரில் வந்தது, 70 மணி நேரம் ஓடும், நாளொன்றுக்கு மைனஸ் 4 முதல் பிளஸ் 6 விநாடிக்குள் நிற்கும் என்ற சுவிஸ் க்ரோனோமீட்டர் சான்றிதழ் பெற்ற மெஷின். அதற்கும் கீழே ஹாமில்டன் காக்கி ஃபீல்டு ஆட்டோ, 38 மில்லிமீட்டர், எச்-10 மெஷின், 80 மணி நேரம் ஓட்டம், சஃபையர் கண்ணாடி. இந்தப் படிகளுக்கு இடையே விலை பல மடங்கு தாவுகிறது.

தாவும் காசுக்குக் கிடைப்பவை: உலோகத்தின் விளிம்புகளைச் சீவி மெருகேற்றிய வேலைப்பாடு, தொழிற்சாலையிலேயே நேரம் சரிசெய்த மெஷின், நீண்ட ஓட்டம், நல்ல செயின், திரும்ப விற்றால் கிடைக்கும் தொகை, பெயர். இவற்றில் வெளி வேலைக்கு உண்மையிலேயே உதவுவது எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப்பாருங்கள். 80 மணி நேர ஓட்டத்தையே எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மாலை கழற்றி வைத்தால் திங்கள் காலையும் ஓடிக்கொண்டிருக்கும். 41 மணி நேர மெஷின் ஞாயிறு மத்தியானம் நின்றுவிடும். திங்கள் காலை நேரம் வைத்துக் கட்ட வேண்டும். தினமும் ஒரே வாட்சைக் கட்டுகிறவருக்கு இந்த வித்தியாசமே தெரியாது. நாலைந்து வாட்சை மாற்றி மாற்றிக் கட்டுகிறவருக்கு அது பெரிய வசதி. இப்படித்தான் ஒவ்வொன்றையும் தன் பழக்கத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ஸ்கேலை எடுங்கள்

வாட்ச் விற்பவர்கள் எல்லோரும் கூட்டின் விட்டத்தைச் சொல்வார்கள்: 38, 40, 42. கையில் எப்படி உட்காரும் என்பதை அந்த எண் சொல்லாது. சொல்வது லக் முனையிலிருந்து எதிர் லக் முனை வரையுள்ள நீளம். ஸ்ட்ராப் மாட்டும் அந்தக் கொம்புகள் மணிக்கட்டின் தட்டையான பகுதியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வாட்ச் ஆடும், எதிலாவது இடிக்கும், கிரவுன் புறங்கையில் குத்தும்.

என் மணிக்கட்டின் சுற்றளவு 15 சென்டிமீட்டர். மேல்பக்கத் தட்டையில் ஸ்கேலை வைத்தால் 46 மில்லிமீட்டர் வருகிறது. பெண்களுக்கென்று தனியாக விற்கும் வாட்சுகளில் டயல் சின்னது, எண்கள் இல்லை, ஒளிரும் பூச்சு இல்லை, வேலைக்கு ஆகாது. அதனால் ஆண்களுக்கென்று விற்பதிலேயே எனக்குப் பொருந்துவதைத் தேட வேண்டியிருந்தது. அப்படித் தேடியதில் தெரிந்தது, லக் நீளம் 46க்குள் இருந்தால் விட்டம் 38 ஆனாலும் பரவாயில்லை என்பதுதான்.

நீங்களும் இப்படிச் செய்யுங்கள். கையை மேசையில் வைத்து, மணிக்கட்டின் மேல் ஸ்கேலைக் குறுக்கே பிடித்து, வளைவு தொடங்கும் இடத்துக்கு முன்பு வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு கெட்டி அட்டையில் வாட்சின் லக் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அதை மணிக்கட்டில் வைத்துக் கண்ணாடியில் பாருங்கள். நேராகக் குனிந்து பார்த்தால் எல்லாம் பெரிதாகத் தெரியும். அடுத்தவர் பார்க்கும் தூரத்திலிருந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். ஹாமில்டன் காக்கி 38க்கு லக் நீளம் 47 அளவில். சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் எஸ்ஆர்பிஜி வரிசைக்கு 48.1. பழைய சீக்கோ எஸ்என்கே809க்கு 43தான், விட்டம் 37.

தடிமனையும் கேளுங்கள். விலை குறைந்த ஆட்டோமேட்டிக் வாட்சுகள் உப்பலாக இருப்பதற்கு மெஷின்தான் காரணம். இந்தப் பிரிவில் அதிகம் புழங்கும் சீக்கோ என்எச்35 மெஷினே 5.32 மில்லிமீட்டர் தடிமன். மேலே டயல், முட்கள், கண்ணாடி, கீழே மூடி எல்லாம் சேர்ந்தால் 12, 13 என்று போய்விடும். மியோட்டா 9015 மெஷின் 3.9 மில்லிமீட்டர்தான், அதை வைத்துச் செய்த வாட்ச் முழுக்கைச் சட்டைக்குள் சிக்காமல் போகும். அந்த ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கொடுக்க வேண்டும்.

டயலை எப்படிப் பார்ப்பது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். டயல் சரியில்லை என்றால் மற்றதெல்லாம் வீண்.

விளம்பரப் படத்தில் வெளிச்சம் எப்போதும் சாதகமாக விழும். அதனால் பயன்படுத்தியவர்கள் எடுத்த சாதாரணப் படங்களையும் வீடியோக்களையும் தேடுங்கள். முதலில் முட்கள். கருப்பு டயலின் மேல் பளபளவென்று மெருகேற்றிய முள் கடையில் அழகாக மின்னும். ஆனால் அது கண்ணாடி மாதிரி எதிரே இருப்பதைத்தான் காட்டும். இருண்ட மரக்கூட்டத்தின் கீழ் நின்று பார்த்தால் முள்ளும் கருப்பாகி டயலோடு கரைந்துவிடும். மங்கலாகத் தேய்த்து விட்ட முள், இல்லையென்றால் வெள்ளைச் சாயம் பூசிய முள், எந்த வெளிச்சத்திலும் நிற்கும். ஃபீல்டு வாட்சுக்கு அதுதான் சரி.

அடுத்து, நிமிட முள்ளின் நுனி ஓரத்தில் இருக்கும் நிமிடக் கோடுகளைத் தொடுகிறதா என்று பாருங்கள். பல வாட்சுகளில் தொடுவதில்லை. ஒரே வடிவமைப்பைப் பெரிதாக்கும்போது முள்ளைப் பழைய அளவிலேயே விட்டுவிடுகிறார்கள். குட்டையான முள் இருந்தால் 17 நிமிடமா 18 நிமிடமா என்று கணக்குப் போட வேண்டியிருக்கும்.

உள்வட்டத்தில் 13 முதல் 24 வரை எண்கள் அச்சடிப்பது ராணுவ மரபு. 38 மில்லிமீட்டரில் அது சரியாக இருக்கும். 36க்குக் கீழே இரண்டு வட்ட எண்களும் நெருக்கியடிக்கும். இருபத்து நாலு மணிக் கணக்கு வேலையில் தேவைப்படாதவர்கள் ஒரே வட்டம் உள்ள டயலை எடுத்தால் கண்ணுக்குச் சுகம். தேதிக் கட்டம் அவரவர் விருப்பம். நான் குறிப்பேட்டில் தேதி எழுதுகிறவள் என்பதால் எனக்கு வேண்டும். கூடுமானால் கட்டத்தின் பின்னணி நிறம் டயலின் நிறத்தோடு ஒத்துப்போகட்டும்.

ஒளிரும் பூச்சு எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். எண்கள் முழுவதும் பூசியிருப்பார்கள், இல்லையென்றால் எண்களை விட்டுவிட்டு ஓரத்தில் சின்னப் புள்ளிகளாக வைத்திருப்பார்கள். புள்ளி போதும், ஆனால் 12 மணிப் புள்ளி மற்றவற்றிலிருந்து வேறு வடிவத்தில் இருந்தால்தான் இருட்டில் தலைகீழாகப் படிக்காமல் இருப்போம். மராத்தான் நிறுவன வாட்சுகளில் பூச்சுக்குப் பதில் டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு அடைத்த மிகச்சிறு குழாய்கள் இருக்கும். வெளிச்சத்தில் காட்டாமலே இரவு முழுக்க ஒரே அளவில் ஒளிரும். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. அதாவது பன்னிரண்டு வருடத்தில் ஒளி பாதியாகிவிடும். பழையதாக வாங்கும்போது தயாரித்த ஆண்டைக் கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடி விஷயத்தில் சஃபையர்தான் உசத்தி என்று எல்லோரும் சொல்வார்கள். எளிதில் கீறல் விழாது, உண்மை. ஆனால் சஃபையர் சாதாரணக் கண்ணாடியைவிட அதிகம் பிரதிபலிக்கும். உள்பக்கம் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லாத சஃபையர், அதுவும் குவிந்த வடிவத்தில், வானத்தைத்தான் காட்டும், நேரத்தைக் காட்டாது. பூச்சு இருந்தால் சஃபையர் எடுங்கள். இல்லையென்றால் சீக்கோவின் ஹார்ட்லெக்ஸ் மாதிரி கடினமாக்கிய கண்ணாடியே படிக்க வசதி. கீறல் விழும், விழுந்துவிட்டுப் போகட்டும்.

நீர் தாங்கும் அளவில் 30 மீட்டர் என்றால் கை கழுவலாம், மழைத் தூறல் தாங்கும், அவ்வளவுதான். ஓடையைக் கடக்கிறவர்கள், நீந்துகிறவர்கள் 100 மீட்டர் பாருங்கள்.

மெஷின்: மூன்று பெயர்கள் தெரிந்தால் போதும்

என்எச்35. சீக்கோ குழுமம் மற்ற நிறுவனங்களுக்கும் விற்கும் மெஷின். சீக்கோ தன் வாட்சில் 4ஆர்35 என்று போடுவதும் இதுவும் ஒரே குடும்பம். கிழமையும் தேதியும் காட்டுவது என்எச்36, 4ஆர்36. தேதியே இல்லாதது என்எச்38. மணிக்கு 21,600 துடிப்பு, 24 ஜுவல் (உராய்வைக் குறைக்கும் கற்கள்), 41 மணி நேர ஓட்டம். கிரவுனைத் திருகிச் சாவி கொடுக்கலாம், இழுத்தால் விநாடி முள் நிற்கும். கை எந்தப் பக்கம் ஆடினாலும் சாவி ஏறும். நாளொன்றுக்கு மைனஸ் 20 முதல் பிளஸ் 40 விநாடி வரை போகலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். இந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது எல்லைக் கோடுதான். நன்றாகச் சரிசெய்தால் பத்து விநாடிக்குள் நிற்கும். உதிரிப் பாகமும் முழு மெஷினும் எங்கும் கிடைக்கும். எனக்கு இதுதான் முதல் தேர்வு.

மியோட்டா 8215. சிட்டிசன் குழுமத்தின் பழைய உழைப்பாளி. இதுவும் 21,600 துடிப்புதான், ஓட்டம் 42 மணி நேரம். ரோட்டார் (கையசைவில் சுற்றிச் சாவி ஏற்றும் எடைத் தகடு) ஒரு பக்கம் சுற்றும்போது மட்டும் சாவி ஏறும். மறுபக்கம் பம்பரம் மாதிரி விர்ரென்று சுழலும். அமைதியான அறையில் கையை உதறினால் அந்தச் சுழற்சி மணிக்கட்டில் அதிர்வாகத் தெரியும். சிலருக்கு அது பிடிக்கும், சிலர் அதற்காகவே விற்றுவிடுவார்கள். விநாடி முள் சில சமயம் ஒரு கணம் தயங்கி நின்று பிறகு தாவும். அது பழுதல்ல, அதன் அமைப்பு அப்படி. பழைய 8215இல் கிரவுனை இழுத்தாலும் விநாடி நிற்காது, புதியவற்றில் நிற்கும். எந்தக் காலத்துச் சரக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மியோட்டா 9015, தேதி இல்லாத 9039. மணிக்கு 28,800 துடிப்பு என்பதால் விநாடி முள் இன்னும் வழவழவென்று ஓடும். எல்லைக் கோடு மைனஸ் 10 முதல் பிளஸ் 30. மெலிது. விலை ஒரு படி மேலே.

விளம்பரத்தில் 'ஜப்பான் ஆட்டோமேட்டிக் மெஷின்' என்று மொட்டையாக எழுதியிருந்தால் எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொரு நுணுக்கம். தேதி இல்லாத டயலுக்கு அடியில் தேதி உள்ள என்எச்35ஐ வைத்து விற்பது உண்டு. கிரவுனை முதல் கட்டத்துக்கு இழுத்துத் திருப்பினால் வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத தேதித் தட்டு சுற்றும். கெடுதல் இல்லை. ஆனால் டயலில் தேதி இல்லை என்றால் என்எச்38 போட்டிருப்பவர் கவனித்துச் செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

எதை வாங்கலாம்

சின்ன மணிக்கட்டு, குறைந்த பணம் என்றால் பழைய சீக்கோ எஸ்என்கே809 இன்னும் என் பட்டியலில் உண்டு. தயாரிப்பு நின்றுவிட்டது, பழையதாகத் தேட வேண்டும். அதன் 7எஸ்26 மெஷினில் சாவி கொடுக்கவும் முடியாது, விநாடியை நிறுத்தவும் முடியாது. நின்றுபோனால் படுக்கைவாட்டில் பிடித்து மெதுவாக அசைத்தால் ஓடத் தொடங்கும். விநாடியோடு நேரம் வைக்க ஒரு பழைய தந்திரம் இருக்கிறது: கிரவுனை முழுதாக இழுத்து, முட்களைப் பின்னோக்கித் திருப்புவதுபோல மிக லேசாக அழுத்தம் கொடுங்கள். விநாடி முள் அப்படியே நிற்கும். சரியான நேரம் வந்ததும் விட்டுவிடுங்கள். நீர் தாங்கும் அளவு 30 மீட்டர்தான், அதை மறக்க வேண்டாம். டயலில் நிமிட எண்கள் வெளியே பெரிதாகவும் மணி எண்கள் உள்ளே சின்னதாகவும் இருக்கும். விமானிகள் வாட்ச் பாணி அது. சிலருக்குப் பழக நாளாகும்.

புதிதாக, கடையில் கிடைப்பதாக, உத்தரவாதத்தோடு வேண்டும் என்றால் சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் எஸ்ஆர்பிஜி வரிசை. 39.4 மில்லிமீட்டர், 4ஆர்36, 100 மீட்டர், ஹார்ட்லெக்ஸ். தடிமன் 13.2 என்பதுதான் குறை. பெரும்பாலான ஆண்களுக்குப் பொருந்தும், எனக்குப் பொருந்தாது. அதே மெஷினை 36.4 மில்லிமீட்டர் கூட்டில் வைத்து எஸ்ஆர்பிஜே வரிசையில் விட்டிருக்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் அதைக் கையில் வைத்துப் பார்க்கலாம்.

எடை குறைவு, தண்ணீருக்குப் பயமில்லை என்ற இரண்டும் வேண்டும் என்றால் போல்டர் வென்ச்சர். டைட்டானியம், 38 மில்லிமீட்டர், என்எச்35, சஃபையர், 200 மீட்டர். வியர்வையும் வெயிலும் உள்ள வேலைக்கு டைட்டானியம் நல்ல சுகம். ஸ்டீலைவிட ஏறக்குறைய 40 சதவீதம் லேசு. சீக்கிரம் கோடு விழும், அது கணக்கில் வராது.

உண்மையான ராணுவச் சரக்குதான் வேண்டும் என்பவர்களுக்கு மராத்தான் ஜிபிஎம். 34 மில்லிமீட்டர், டிரிட்டியம் குழாய்கள். இப்போது வருவதில் என்எச்35தான் ஓடுகிறது. விலை ஹாமில்டனுக்குப் பக்கத்தில் போய்விடும் என்பதால் 'மலிவு' என்ற பெயரில் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 34 மில்லிமீட்டரில் இவ்வளவு தெளிவான டயல் வேறு இல்லை.

பழைய டர்ட்டி டஜன், ஏ-11 தோற்றத்தில் பால்டனி மாதிரியான சீன நிறுவனங்கள் நிறையச் செய்கின்றன. மாடலுக்கு மாடல் மெஷின் மாறும். ஒன்று ஆட்டோமேட்டிக், அடுத்தது சாவி கொடுப்பது, இன்னொன்று குவார்ட்ஸ். விவரக்குறிப்பை முழுவதும் படியுங்கள். தன் பெயரைப் போட்டுப் பழைய பாணியில் செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அடுத்தவன் பெயரை டயலில் அச்சடித்தால் அது திருட்டு, எவ்வளவு மலிவானாலும் பக்கத்தில் போகாதீர்கள்.

ரேஞ்சர், எக்ஸ்ப்ளோரர் பக்கம் மனசு போகிறவர்கள் டிராஸ்கா சம்மிட்டியர், லோரியர் ஃபால்கன் இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் மியோட்டாவின் 90 வரிசை மெஷின். மெலிதாக, செயினோடு, வேலைக்கும் விழாவுக்கும் ஆகும். சின்ன நிறுவனங்கள் என்பதால் நினைத்த நேரத்தில் இருப்பு இருக்காது.

ஸ்ட்ராப்

கூட வரும் ஸ்ட்ராப்பை வைத்து வாட்சை எடை போடாதீர்கள். இந்த விலையில் அது பெரும்பாலும் கடமைக்கு வருவது. லக்குகளுக்கு இடையிலான அகலம் 18, 20 என்று முழு இரட்டை எண்ணாக இருந்தால் மாற்று ஸ்ட்ராப் எளிதில் கிடைக்கும். 19, 21 என்றால் தேடி அலைய வேண்டும்.

நைலான் நேட்டோ ஸ்ட்ராப் 1973இல் பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறை விவரக்குறிப்பில் வந்தது. ஒரு பக்கம் ஸ்பிரிங் பார் (ஸ்ட்ராப்பை லக்கில் பிடிக்கும் கம்பி) உடைந்தாலும் வாட்ச் கீழே விழாது என்பது அதன் பலம். ஆனால் வாட்சுக்கு அடியில் இரண்டு அடுக்குத் துணி போவதால் இரண்டரை மில்லிமீட்டர் வரை உயரம் கூடும். ஏற்கெனவே 13 மில்லிமீட்டர் தடிமன் உள்ள வாட்சில் அது மேடை கட்டினது போலாகிவிடும். ஒரே அடுக்கில் போகும் வகையை வாங்குங்கள், பாதுகாப்பு அதேதான். தோல் ஸ்ட்ராப் வியர்வையில் நாறும். வெளி வேலைக்கு வேண்டவே வேண்டாம்.

வந்த முதல் வாரம்

பெட்டியைத் திறந்ததும் ஸ்டிக்கரைப் பிரிக்காமல் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். 12 மணியில் மணி முள்ளும் நிமிட முள்ளும் ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றனவா? டயலின் 12 மணிக் குறியும் வெளி வளையத்தின் 60 நிமிடக் குறியும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா? கண்ணாடிக்கு உள்ளே தூசு உண்டா? இந்த விலைப் பிரிவில் கொஞ்சம் கோணல் சகஜம். உங்கள் கண்ணை உறுத்தினால் திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள் கொடுத்துவிடுங்கள். பிறகு பழகிவிடும் என்று சமாதானம் சொல்லாதீர்கள், பழகாது.

நின்றுபோன வாட்ச் என்றால் கிரவுனை முப்பது முறை திருகிச் சாவி கொடுங்கள். ஆட்டோமேட்டிக்கில் சாவி அளவுக்கு மீறி ஏறாது; நிறைந்த பிறகு உள்ளே வழுக்கிவிடும். தேதியை இரவு 9 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையில் மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதித் தட்டைத் தள்ளும் பல் சக்கரம் ஏற்கெனவே பிடித்திருக்கும்; வலுக்கட்டாயமாகத் திருப்பினால் பல் உடையும். பாதுகாப்பான வழி, முட்களை முதலில் 6 மணிக்குக் கொண்டுவந்துவிட்டுத் தேதியை வைப்பது. அப்புறம் நேரம்.

இனி எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். போனின் நேரத்தோடு விநாடி சுத்தமாக வைத்துவிட்டு, தினமும் இரவு ஒரே நேரத்தில் வித்தியாசத்தை எழுதி வாருங்கள். முதல் நாளின் எண்ணை நம்ப வேண்டாம், ஒரு வாரத்துச் சராசரியைப் பாருங்கள். அதோடு இரவில் எப்படி வைக்கிறீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டயல் மேலே பார்க்க வைத்தால் ஒரு வேகம், கிரவுன் மேலே பார்க்க நிமிர்த்தி வைத்தால் இன்னொரு வேகம் இருக்கும். என் என்எச்35 டயல் மேலாக வைத்தால் முந்தும், கிரவுன் மேலாக வைத்தால் பிந்தும். பகலில் எவ்வளவு முந்தியது என்று பார்த்து, அதற்கு ஏற்றபடி இரவில் வைத்துவிடுவேன். மெஷினைத் திறக்காமலே மாதக் கணக்கில் ஒரு நிமிடத்துக்குள் நிற்கிறது.

ஒரே நாளில் திடீரென்று நிமிடக் கணக்கில் முந்தினால் காந்தம் ஏறியிருக்கும். போனின் ஸ்பீக்கர், டேப்லெட் உறை, பையின் காந்தப் பூட்டு இவற்றின் பக்கத்தில் வைத்தால் வாட்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். ஸ்பிரிங் குட்டையானதுபோல ஆகி வேகம் கூடும். காம்பஸை வாட்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். முள் இழுபட்டால் சந்தேகம் தீர்ந்தது. வாட்ச் ரிப்பேர்காரர் ஒரு நிமிடத்தில் காந்தம் எடுத்துக் கொடுப்பார். அதே கையோடு நேரத்தையும் சரிசெய்யச் சொல்லலாம். மூடியைத் திறந்து ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ளும் வேலைதான். மூடியின் ரப்பர் வளையத்தைத் துடைத்து சிலிகான் தடவி மூடச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த மழையில் கண்ணாடிக்குள் ஆவி கட்டும்.

பிறகு

வெந்நீரில் குளிக்கும்போது கழற்றி வைத்துவிடுங்கள். சேறு பட்டால் கிரவுன் அழுத்தி மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள், மென்மையான பல் துலக்கும் பிரஷால் லக் இடுக்குகளைத் தேய்த்தால் போதும்.

ஐந்தாறு வருடம் கழித்து ஓட்டம் குறைந்தால், விலை உயர்ந்த வாட்சுக்குச் செய்வதுபோல முழு சர்வீஸ் செய்யச் சொல்லி யாராவது சொல்வார்கள். என்எச்35க்கு அது பெரும்பாலும் கட்டுபடியாகாது. பிரித்துக் கழுவி எண்ணெய் போடும் கூலியைவிடப் புதிய மெஷினின் விலை குறைவாக இருக்கும். டயலையும் முட்களையும் அப்படியே எடுத்துப் புதிய மெஷினில் பொருத்தச் சொல்லுங்கள், ரப்பர் வளையங்களை மாற்றி நீர்ச் சோதனையும் செய்து வாங்குங்கள். பழைய மெஷினைக் கேட்டு வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பல் சக்கரம், கிரவுன் தண்டு என்று அடுத்த தடவை ஏதாவது உடைந்தால் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.